சாமிக்கு ஒரு சுத்து

“அப்பிடி என்னதான் கேக்கப் போறீங்க மாமா? இப்பவே கேளுங்களேன்.”

“கேப்பேன். இந்த வண்டி சிதம்பரம் போயி, ஸ்பிரிங் ஒடையாம கடலூர் திரும்பட்டும். அன்னிக்கு கேக்கறேன்.”

“ஒடஞ்சிச்சின்னா?”

“வேற ஸ்பிரிங் மாட்டுவேன்.”

இரண்டு வருடங்களுக்கு முன்பு, முதுநகரில் உள்ள தன் மெக்கானிக் கடை வாசலில் அருள்முருகன் இப்படிச் சொன்னபோது எழிலரசி சிரித்துவிட்டாள். இப்போது, 2009 பிப்ரவரியில், அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பண்ருட்டியிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள்; அருள்முருகனுக்கும் அது தெரியும். மாப்பிள்ளைக்கு பேங்கில் வேலை. அப்பா பொன்னுரங்கம் ஜாதகம் பார்த்து, பஜ்ஜிக்கு வாழைக்காய் வரை சொல்லி வைத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல அவளிடம் காரணம் இல்லை. கேட்கப்படாத கேள்வியைக் காரணமாகக் காட்ட முடியுமா?

அருள்முருகன் அவள் அக்கா பவானியின் கொழுந்தன். கட்டிக்கொள்ளும் முறைதான். ஆனால் சிதம்பரத்தில் இருக்கும் அவன் அண்ணன், பவானியின் கணவர் ஸ்ரீதர், ஒரு பொங்கலன்று எல்லோர் முன்னிலையிலும், “ஒரு வண்டிய ஒழுங்கா ஓட வெக்கத் தெரியல, இவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?” என்று சொல்லிவிட்டார். அது இவன் மனதில் ஆணியாக இறங்கிவிட்டது.

வண்டி 1951 மாடல் மோட்டார் சைக்கிள். கீரப்பாளையத்தில் ஒரு அரிசி மில் கொட்டகையில் கோழிகள் அடைந்துகிடந்த இங்கிலாந்து வண்டியை வாங்கி வந்து, ஒவ்வொரு திருகாகக் கழுவி உயிர் கொடுத்திருந்தான். எல்லாம் சரி, அந்த ஒரு ஸ்பிரிங் மட்டும் நிற்கவில்லை. எஞ்சின் செயினை இழுக்கும் பல்சக்கரத்தின் பக்கத்தில், அதே தண்டில், கட்டைவிரல் கனத்தில் உட்கார்ந்திருக்கும் ஸ்பிரிங். எஞ்சின் கொடுக்கும் ஒவ்வொரு உதையையும் அது அமுங்கி வாங்கிக்கொண்டால்தான் செயினும் கியரும் பிழைக்கும். முதல் ஸ்பிரிங் ஆலப்பாக்கத்தில் உடைந்தது. இரண்டாவது புதுச்சத்திரத்தில். மூன்றாவது வெள்ளாற்றுப் பாலத்தின் நடுவில். மூன்று தடவையும் ஸ்ரீதர்தான் மினி லாரியோடு வந்து, வண்டியையும் தம்பியையும் ஏற்றிக்கொண்டு போனார்.

எழிலரசிக்கு சிப்காட்டில் ஒரு கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு லேபில் வேலை. உடைந்த மூன்றாவது ஸ்பிரிங்கைச் சாப்பாட்டுப் பையில் போட்டு எடுத்துப்போய், மதிய இடைவேளையில் லென்ஸுக்கு அடியில் வைத்தாள். இரும்பில் குற்றமில்லை. ஆனால் ஒவ்வொரு வளையத்தின் பக்கவாட்டிலும், கண்ணாடிபோல ஒரு பளபளப்பான தேய்மானம். வளையத்தோடு வளையம் முட்டியிருக்கிறது! அமுங்குவதற்கு இடமே இல்லாமல் இருந்திருக்கிறது.

ஏன்? வியாழன் சாயங்காலம் நேராகக் கடைக்குப் போனாள்.

“நாலாவத என் கண்ணு முன்னாடி மாட்டுங்க.”

“ஏன், டீச்சர் மார்க் போடப் போறாங்களா?”

“போடத்தான் போறேன். மாட்டுங்க.”

அவன் எண்ணெய்த் தட்டை நகர்த்தி, ஸ்பிரிங்கைத் தண்டில் நுழைத்து, நட்டைப் போட்டு இறுக்கினான். சரியான இடத்தில் நின்றது. வளையங்களுக்கிடையில் வெளிச்சம் தெரிந்தது. எழிலரசி குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் ஸ்பானரை மறுபடி மாட்டி, கண்ணை மூடி, “இது சாமிக்கு” என்று முனகி, இன்னும் ஒரு முழுச் சுற்று இறுக்கினான். வெளிச்சம் காணாமல் போனது.

“நிறுத்துங்க! இப்ப என்னா பண்ணீங்க?”

“சாமிக்கு ஒரு சுத்து. எந்த நட்டுக்கும் அப்பிடித்தான் உடுவேன். எங்க கடைத்தெருவுல எல்லாருமே உடுவாங்க.”

“உங்க சாமிதான் மாமா மூணு ஸ்பிரிங்க ஒடச்சது!”

அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவளே வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

“லூசா உட்டா கழண்டு ஓடிடாது?”

“ஓடாம இருக்கத்தான குறுக்க பின்னு இருக்குது? ஸ்பிரிங்னா அசையணும் மாமா. அசைய எடம் குடுக்காம நெரிச்சா அது என்னா பண்ணும்?”

நட்டை ஒரு சுற்று பின்வாங்கச் செய்தாள். கடை மேஜையில் கிடந்த ஒரு கல்யாணப் பத்திரிகையை இரண்டாக மடித்து வளையங்களுக்கிடையில் விட்டாள். சிக்காமல் போய் வந்தது. “இதான் அளவு. பத்திரிக போயி வரணும். பல்சக்கரத்து மேடு முட்டுற எடத்துல கிரீஸ் வைங்க. அப்பறம், பாலத்து ஏத்தத்துல டாப் கியர்லயே ஒதறி ஒதறி இழுக்காதீங்க, கொறச்சுக்குங்க.”

“சரிங்க டீச்சர்.”

சனிக்கிழமை காலை, அக்காவுக்கு வஞ்சிரக் கருவாடு கொடுக்க வேண்டும் என்ற சாக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். ஆலப்பாக்கம் வந்தது, போனது. புதுச்சத்திரம் வந்தது. “போச்சா?” என்று அவன் கத்தினான். “போவல! ஓட்டுங்க!” என்று இவள் கத்தினாள். வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது அவன் கியரைக் குறைத்தான். வண்டி வழுக்கிக்கொண்டு ஏறியது. பாலத்தின் நடுவைத் தாண்டியதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓவென்று கூவினார்கள். எதிரே சைக்கிளில் வந்தவர் பயந்து ஓரமாக இறங்கிவிட்டார்.

சிதம்பரத்தில் ஸ்ரீதர் வாசலுக்கு வந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். “எது வரைக்கும் தள்ளிக்கிட்டு வந்தடா?”

“ஓட்டிக்கிட்டு வந்தோம்ணே.”

“லாரிக்கு டீசல் போட்டு வெச்சிருக்கேனே, வீணாப் போச்சே” என்றார் ஸ்ரீதர். ஆனால் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பவானி கருவாட்டை வாங்கிக்கொண்டே தங்கையின் முகத்தைப் பார்த்தாள். “இன்னும் பாதி தூரம் இருக்குது, நின்னு பேசாத. கெளம்பு.”

திரும்பும்போதும் பாலத்து ஏற்றத்தில் அவன் கியரைக் குறைத்தான். சிப்காட் தாண்டி, ரயில்வே கேட் தாண்டி, கடை வாசலில் வண்டி நின்றது. அவன் எண்ணெய்த் தட்டை வைத்து, செயின் மூடியைக் கழற்றினான். எழிலரசி பத்திரிகையை நீட்டினாள். அவன் வாங்கி வளையங்களுக்கிடையில் விட்டான். சிக்காமல் போய் வந்தது.

“ஸ்பிரிங் நின்னுடிச்சி மாமா!”

“நின்னுடிச்சி எழிலு!” அவன் முகமெல்லாம் சிரிப்பு. பிறகு துணியில் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான். “ஒரு தடவ போயி வந்தத நம்ப முடியாது. அடுத்த வாரம் இன்னொருக்கா போயி வந்துட்டா உறுதியாயிடும்...”

எழிலரசி அவனையே பார்த்தாள்.

“இதுவும் சாமிக்கு ஒரு சுத்தா மாமா?”

அவன் துணியைக் கீழே வைத்தான். தெருவில் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போகும் வரை காத்திருந்தான்.

“நாளைக்கு பண்ருட்டிக்காரங்கள வர வேணாம்னு உங்கப்பாகிட்ட சொல்லிடறேன்” என்றான். “அண்ணனையும் அண்ணியையும் கூட்டிக்கிட்டு, பொண்ணு பாக்க நான் வரட்டுமா எழிலு?”