வெங்காய அறையில் இன்னொரு சமையல்கட்டு

"அம்மா, அந்த முனையக் கொஞ்சம் புடிச்சுக்கறீங்களா?" என்று ஆசாரி அக்பர் அலி கேட்டதும், மயிலாத்தாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து சட்டத்தைப் பிடித்தாள்.

தொண்டாமுத்தூரில் அந்த வீட்டின் பின்னறையில் அதுவரை சின்ன வெங்காயம்தான் கொட்டி வைத்திருந்தார்கள். கழுவிவிடத் தோதாகத் தரையை வாசல் பக்கம் வாட்டமாகப் போட்டிருந்தார்கள். கோயமுத்தூரிலிருந்து வேனில் வந்த கப்போர்டுகள் அதன்மேல் நேராக நிற்காது. அதனால் அக்பர் அலி முதலில் அடிச்சட்டம் ஒன்றை மரத்தில் அடித்து, பள்ளமான பக்கம் ஆப்பு வைத்து, ரசமட்டத்தை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லட்சுமணசாமியைக் கட்டிக்கொண்டு மயிலாத்தாள் இந்த வீட்டுக்கு வந்தபோது கொழுந்தன் திருமூர்த்திக்கு நாலு வயது. மாமியார் இல்லை. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டேதான் சோறாக்கக் கற்றுக்கொண்டாள். அவளுக்கென்று குழந்தை பிறக்கவில்லை. அவன் இருந்ததால் அதை நினைத்து உட்கார்ந்து அழ அவளுக்கு நேரம் வாய்க்கவில்லை. போன தையில் அவனுக்கு மோகனப்பிரியாவைக் கட்டி வைத்தாள். அந்தப் பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்று, கச்சாயம் சுட்டு வளவு முழுக்கக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அவள்தான்.

அடுத்த வாரமே திருமூர்த்தி வந்து நின்றான். "அண்ணி, டாக்டரம்மா அவளப் பத்தியமாச் சாப்பிடச் சொல்லீருக்குதுங்க. தனியா ஒரு அடுப்பு இருந்தாத் தேவலைங்க." நிலத்தைப் பார்த்தபடியே சொன்னான்.

டாக்டரம்மா அப்படியெதுவும் சொல்லவில்லை. முந்தின நாள் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, மோகனப்பிரியாவின் தாய் மகளிடம் பேசியது மயிலாத்தாள் காதில் விழுந்திருந்தது. "புள்ள பெறாதவ கையால ஆக்குனத இப்ப நீ திங்கக் கூடாது கண்ணு."

"செஞ்சுபோடு சாமி" என்று மட்டும் அவனிடம் சொன்னாள்.

"ஏனுங்க பாய்" என்றாள் இப்போது. "பொறகு வேண்டாம்னா இதக் கழட்டிக்கலாமுங்களா?"

"எல்லாம் ஸ்க்ரூதானுங்கம்மா. அரை நாள்ல கழட்டிரலாம்."

குழந்தை பிறக்கட்டும், தவழட்டும். குழந்தை இந்த அடுப்பு அந்த அடுப்பு என்று பார்க்குமா? அப்புறம் பழையபடி இங்கே வெங்காயம் கொட்டிக்கொள்ளலாம். அந்த நினைப்பில் கை லேசாகிவிட்டது. ஒவ்வொரு கப்போர்டையும் அடிச்சட்டத்தின்மேல் தூக்கி வைத்து ஸ்க்ரூ இறங்கும்வரை அவளே தோள்கொடுத்து நின்றாள்.

சாயங்காலம் தோட்டத்திலிருந்து வந்த திருமூர்த்தி கப்போர்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். இம்மியளவு அசைந்தது.

"பாய், அடிச்சட்டத்தச் சுத்தியும் சிமிட்டி போட்டு அடைச்சிருங்க. ஆயுசுக்கும் அசையக் கூடாது."

அக்பர் அலி மயிலாத்தாளைத் திரும்பிப் பார்த்தார்.

"அவன் சொல்றாப்பலயே செஞ்சுபோடுங்க" என்று சொல்லிவிட்டுக் கையில் ஒட்டியிருந்த மரத்தூளைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினார்கள். "வாங்கக்கா" என்று மோகனப்பிரியா வாசலில் நின்று கூப்பிட்டாள். அவளுக்குப் பின்னால் அவள் தாய் அடுப்பை மறைத்துக்கொண்டு நின்றிருந்தாள். தன் அடுப்பில் பருப்பு வேகிறது என்று சொல்லி மயிலாத்தாள் திரும்பிவிட்டாள். அவள் அடுப்பில் எதுவும் இல்லை.

அதற்கப்புறம் ஒரு மத்தியானம், மோகனப்பிரியா தாயோடு டவுனுக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். திருமூர்த்தி தோட்டத்திலிருந்து வந்து செருப்பை உதறும் சத்தம் கேட்டது. அவன் பசி எப்படி நடந்துவரும் என்று மயிலாத்தாளுக்குத் தெரியும். இரண்டு சமையல்கட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் கப்போர்டுக் கதவு ஒன்று திறந்து மூடியது. பிறகு அடுத்தது. ஏதோ பாத்திரம் உருண்டது. எது எங்கே இருக்கிறதென்று அவனுக்குத் தெரியவில்லை.

தட்டில் சோற்றைப் போட்டு, கொள்ளுப்பருப்பை ஊற்றி, நெய் விட்டாள். எடுத்துக்கொண்டு தன் சமையல்கட்டு வாசல்வரை வந்தாள். அவன் ஒரு குரல் கொடுத்தால் போதும், போய்விடலாம்.

சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு கதவு திறந்தது. மூடியது. தட்டிலிருந்த சோற்றில் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது.