பொன்னான ஐந்து நிமிடம்

அருமனைப் பக்கத்துக் கல்லூரி ஒன்று, இணையவழி வேலைவாய்ப்புக் கண்காட்சியை நேரில் தொடங்கிவைத்தது. கம்பெனிகள் பெங்களூரில், மாணவர்கள் வீட்டிலிருந்தே செல்போனில் பேசினால் போதும். ஆனால் குத்துவிளக்கைச் செல்போனில் ஏற்ற முடியாதே! எனவே எல்லாரும் அரங்கத்துக்கு வர உத்தரவு. இடையில் மணியடித்து விழா கெடக் கூடாதென்று வாசலிலேயே செல்போன்களை வாங்கி நீல வாளியில் போட்டார் பியூன் சிலுவைமுத்து.

கணிதம் மூன்றாமாண்டு சுபிதாவைக் கம்பெனி அழைக்கும் நேரம் 11.10. ஐந்து நிமிடம். கணிதம் படித்தவர்களை எடுப்பது அந்த ஒரு கம்பெனிதான். தவறினால் மறுவாய்ப்பு இல்லையென்று மெயிலில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

“சாரே, எனக்க போனைத் தாருங்க. வெளிய நின்னு பேசிட்டு வாறேன்” என்றாள் வேலைவாய்ப்பு அலுவலர் பிரபினிடம்.

“நன்றியுரை நீதானே பிள்ளே? பதினொண்ணுக்கு எல்லாம் முடிஞ்சிரும், கேட்டியா.”

சிறப்பு விருந்தினர், தாளாளரின் மைத்துனர். வேறு தகுதி எதுவும் கேட்கப்படவில்லை. பத்து மணிக்கு வர வேண்டியவர் பத்தே முக்காலுக்கு வந்தார். ஆறு பொன்னாடை வாங்கினார். “சுருக்கமாக முடிக்கிறேன்” என்று தொடங்கி, நேரத்தின் அருமையைப் பற்றி நீளமாகப் பேசினார்.

11.10. வாசலில் வாளி ஒலித்தது.

“ஏட்டி, ஒனக்க போனாக்கும். ஓடு!” என்று தள்ளினாள் தோழி அஞ்சலி.

சுபிதா ஓடினாள். சிலுவைமுத்து முழங்கைவரை வாளிக்குள் விட்டுத் துழாவினார். “இதா மக்கா?”

“இல்ல, பச்சைக் கவரு.”

“பச்சை இருவது கெடக்கே!”

அடியிலிருந்து அது கையில் வந்தபோது 11.17. தவறிய அழைப்பு இரண்டு. கீழே ஒரு செய்தி: ‘நீங்கள் கலந்துகொள்ளவில்லை.’

ஒலிபெருக்கி கூப்பிட்டது: “அடுத்து, நன்றியுரை.”

மேடையேறினாள். பிரபின் எழுதிக்கொடுத்த தாளில் ‘தமது பொன்னான நேரத்தை ஒதுக்கித் தந்த’ என்றிருந்தது. அவள் தாளை மடித்தாள். “எனக்கென்று இருந்த பொன்னான ஐந்து நிமிடத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்ட சிறப்பு விருந்தினர் அவர்களுக்கு நன்றி.”

பலத்த கைதட்டல். நன்றியுரையில் யாரும் நன்றியைத் தவிர வேறெதையும் கேட்பதில்லை. விருந்தினர் எழுந்து கும்பிட்டார்.

வெளியேறும்போது வாசலில் நின்று சொன்னார்: “எவ்வளவு நல்லா பேசுது! இந்தப் பிள்ளையத் தேடி வேலை வரும் பாருங்க.”

“வந்துது சாரே” என்றார் சிலுவைமுத்து, வாளியைத் தூக்கிக்கொண்டு. “இதுக்குள்ள கெடந்து ரெண்டு மட்டம் மணியடிச்சுது.”