கோர்ட்டு கலையும் வரை

சூசை வீட்டில் எவர்சில்வர் மூடி ஒன்றுகூடக் கிடையாது. டப்பாக்களுக்கு பிளாஸ்டிக் மூடி, குழம்புச் சட்டிக்கு மண் மூடி, தண்ணீர்க் குடத்துக்கு ஒரு மரப்பலகை. அவர் மனைவி ஆரோக்கியம்மாள் கண்ணை மூடும் வரை அப்படித்தான் குடித்தனம் நடத்தினாள். நாகல் நகரில் அக்கம்பக்கத்தார் அதைக் கஞ்சத்தனம் என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். தரையில் விழுந்த எவர்சில்வர் மூடி சுழன்று சுழன்று அடங்குகிற சத்தம் காதில் விழுந்தால் தன் புருஷனுக்கு வேர்த்து ஊற்றும், அன்றைக்குச் சோறு இறங்காது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் சூசை மினி லாரி ஓட்டினார். ஒரு விடியற்காலை, தக்காளி ஏற்றிக்கொண்டு வேடசந்தூர் ரோட்டில் போகும்போது ஒரு நொடி கண் அசந்தது. அவ்வளவுதான். மில்லுக்கு சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஈஸ்வரன் என்கிற பத்தொன்பது வயதுப் பையன் ரோட்டோரத்தில் கிடந்தான். அவனுடைய தூக்குவாளியின் மூடி மட்டும் தார் ரோட்டில் சுழன்றுகொண்டே இருந்தது. சூசை லாரியை விட்டு இறங்கி, பையனைப் பார்க்கத் தைரியமில்லாமல், அந்த மூடி அடங்கும் வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. பள்ளிக்கூடத்து வாட்ச்மேனாகவே காலம் போயிற்று.

இதெல்லாம் இப்போது தோண்டி எடுக்கப்பட்டதற்குக் காரணம் அமெரிக்கா. மகள் பிரிஸ்கில்லா அங்கே நர்ஸ். அம்மா போன பிறகு அப்பா ஒற்றையாகக் கிடக்கிறாரே என்று மனுப் போட்டாள். அது நகர்ந்து நகர்ந்து மும்பையில் விசா இண்டர்வியூ வரை வந்துவிட்டது. விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: எப்போதாவது கைதானதுண்டா, தண்டனை பெற்றதுண்டா? டிராவல்ஸ் ஆபீஸ் ரொனால்டு கேள்வியைப் படித்து முடிப்பதற்குள்ளேயே 'இல்லை'யை அழுத்தப் போனான்.

"இரு தம்பி," என்றார் சூசை. "ஒண்ணு இருக்கு."

"அங்கிள், போலீஸ் சர்டிபிகேட்டே சுத்தமா வந்துருச்சு. அம்புட்டு பழைய கேசை எவன் தேடப்போறான்? சும்மா இருக்குற சங்கை ஊதாதீங்க."

சூசை அன்றைக்கே மகளுக்கு போன் போட்டார். நாலு வயதில் நடந்ததை முப்பத்துநாலு வயதில் கேட்டாள் பிரிஸ்கில்லா.

"அப்பா, நீங்க ஜெயில்ல இருந்தீங்களா?"

"இல்லம்மா. வக்கீலு குத்தத்தை ஒத்துக்கச் சொன்னாரு. ஒத்துக்கிட்டேன். அபராதமும், கோர்ட்டு கலையுற வரைக்கும் சிறையும் போட்டாங்க. அப்படின்னா சாயங்காலம் ஜட்ஜ் எந்திரிச்சுப் போற வரைக்கும் அங்கேயே உக்காந்திருக்கணும். பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன்."

அங்கே ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டு மறுநாள் அவளே கூப்பிட்டாள். உண்மையைச் சொல்லி, தீர்ப்பு நகலையும் காட்டினால் பிழைத்துக்கொள்ளலாம். மறைத்து மாட்டினால் ஆயுளுக்கும் அந்தக் கதவு திறக்காது. அன்றிலிருந்து தினமும் காலையில் வீடியோ காலில் அவளே ஆபீசராக உட்கார்ந்து பயிற்சி கொடுத்தாள். "கேட்டதுக்கு மட்டும் பதில்ப்பா. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். என்ன தண்டனை?" அந்த இடத்துக்கு வந்ததும் சூசைக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன் என்பதை எந்த மொழியில் சொன்னாலும் அவருக்கு வெட்கமாக இருந்தது.

நகல் கேட்டுப் போனால், கோர்ட்டில் பழைய கட்டுகளையெல்லாம் எப்போதோ அழித்தாகிவிட்டது. அவருடைய வக்கீலுக்கு அப்போது குமாஸ்தாவாக இருந்த முனியப்பன்தான் யோசித்துச் சொன்னார். "நஷ்ட ஈட்டு கேசுக்கு அந்தப் பையன் வீட்டுல ஒரு நகல் வாங்குனாங்க. அவங்ககிட்ட இருந்தாத்தான் உண்டு."

சூசை மூன்று நாள் படுத்துக் கிடந்தார். நாலாம் நாள் மத்தியானம் முனியப்பனிடம் வழி கேட்டுக்கொண்டு வேடசந்தூர் பஸ் ஏறினார். முப்பது வருஷத்தில் அந்த ரோட்டில் அவர் போனதே இல்லை. விபத்து நடந்த புளியமரத்து வளைவு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார். மூடினாலும் சத்தம் கேட்டது.

ஈஸ்வரனின் தாய் ஜக்கம்மாள் வாசலில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுபதைத் தாண்டிய உடம்பு, கண் மட்டும் கூர்மையாக இருந்தது. சூசை செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"நான் சூசைம்மா. அந்த லாரி ஓட்டுனவன்."

காய் ஆய்ந்த கை நின்றது. வெகுநேரம் பார்த்தாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்து வந்தவருக்கு அவள் சொன்னது விளங்கவே இல்லை.

"வெயில்ல நிக்காத அப்பு. உள்ள வா."

வந்த காரியத்தைத் திக்கித் திணறிச் சொன்னார். அவள் பரணிலிருந்து ஒரு தூக்குவாளியை இறக்கினாள். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

"அவனுதுதான். கேசு முடிஞ்சதும் போலீஸ்காரக குடுத்தாக. காயிதமெல்லாம் இதுக்குள்ளதான் கெடக்கு."

இறுகிப்போயிருந்த மூடியை அவள் இழுத்ததும் அது கைநழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்து சுழன்றது. சூசை சுவரைப் பிடித்துக்கொண்டார். அது அடங்க ஒரு யுகம் ஆயிற்று. ஜக்கம்மாள் மூடியை எடுக்கவில்லை. பழுத்துப்போன தாள்களை நீட்டினாள்.

"எனக்கு எழுத்தா தெரியுது? எடுத்துக்கிட்டுப் போ."

அவர் தாள்களை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"புள்ளைக எத்தன?"

"ஒரே பொண்ணும்மா. அவகிட்டதான் போறேன்."

"நீ உள்ள கெடந்தப்ப சின்னப்புள்ளையா இருந்திருக்கும். ஒம் பொஞ்சாதி ஒத்தையில என்ன பாடு பட்டாளோ. நாலு வருசம்னா சும்மாவா?"

"நாலு வருசமா?"

"எங்க வீட்டுக்காரரு ஒச்சப்பன்தான் கோர்ட்டுக்குப் போயிட்டு வந்து சொன்னாரு. கேசு முடியுற மட்டும் நான் அரை உசுராக் கெடந்தேன். அவனை நாலு வருசம் உள்ள போட்டுட்டாக, எந்திரிடின்னாரு. அன்னைக்குத்தான் வயிறாரக் கஞ்சி குடிச்சேன். அந்த மனுசனும் போய்ச் சேந்துட்டாரு." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எந்த ஜெயிலு அப்பு? மதுரையா?"

தலையை ஆட்டினால் போதும். தாள் பையில் இருக்கிறது, பஸ் அரை மணியில் வந்துவிடும். செத்துப்போன ஒரு மனிதன் தன் பெண்டாட்டியைச் சாப்பிட வைக்கச் சொன்ன பொய் அது. அதை வைத்துத்தான் இவள் முப்பது வருஷம் சோறு தின்றிருக்கிறாள். அதைப் பிடுங்க இவர் யார்? இப்படி நியாயம் பேசியது மனசு. ஆனால் அந்த நியாயம் தனக்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது என்பதும் சூசைக்குத் தெரிந்தது. இவளிடம் மறைத்துவிட்டு மும்பையில் முன்பின் தெரியாத ஒருவனிடம் போய் உண்மை பேசினால், அது விசாவுக்காகப் பேசியது, வேறென்ன?

"நான் ஜெயிலுக்குப் போகலம்மா."

"என்னது?"

"ஒரு நாள்கூடப் போகல. கோர்ட்டு கலையுற வரைக்கும்தான் தண்டனை. காலையில பதினோரு மணியில இருந்து சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் பெஞ்சுல உக்காந்திருந்தேன். பெறகு வீட்டுக்குப் போயிட்டேன். லாரி ஓட்டுறப்ப நான்தான் தூங்கிட்டேன். உங்க மகன் மேல ஒரு தப்பும் இல்ல."

வெளியே கோழி ஒன்று கத்திவிட்டு ஓய்ந்தது. ஜக்கம்மாள் சுவரில் சாய்ந்து மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

"மத்தியானம் சாப்டியா?"

"வக்கீலு பொட்டலம் வாங்கிக் குடுத்தாரு."

"சாப்டியான்னு கேட்டேன்."

"சாப்பிட்டேன்."

"எம்புள்ள அன்னைக்குச் சாப்பிடல," என்றாள். "பழைய சோறும் நார்த்தங்காயும் வச்சு விட்டிருந்தேன். ரோட்டுலதான் கெடந்துச்சு."

சூசை தாள்களை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அவள் அவற்றைத் தொடவில்லை.

"அதை நீயே வச்சுக்க. எனக்கு வேணாம்." எதிர்ச் சுவரைக் காட்டினாள். "அங்கன உக்காரு."

அவர் உட்கார்ந்தார். இருவருக்கும் நடுவில் அந்த மூடி கிடந்தது. பஸ் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. பிரிஸ்கில்லாவின் அழைப்பு மூன்று முறை வந்து நின்றது. வாசல் வெயில் மஞ்சளாகி, படியிறங்கி, பிறகு இல்லாமல் போயிற்று. ஜக்கம்மாள் அழவும் இல்லை, பேசவும் இல்லை. அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இருட்டத் தொடங்கியதும் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஜட்ஜ் எழுந்தபோது எழுந்ததுபோல சூசையும் எழுந்தார்.

"நான் லைட்டு போடத்தான் எந்திரிச்சேன்," என்றாள் ஜக்கம்மாள். "கோர்ட்டு இன்னும் கலையல."

சூசை மறுபடியும் உட்கார்ந்தார்.