இருபதாவது ஜாடியில் ஒன்று

வண்டு எண்ணுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் ஒரு நாள் அந்த ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மைதாவைச் சலித்து, சல்லடையில் தங்கும் அரை அரிசி அளவு வண்டுகளை ஒவ்வொன்றாகப் பிரஷ் நுனியால் தள்ளி, லென்ஸ் வழியாக மீசையைப் பார்க்க வேண்டும். நுனி உருண்டையாக இருந்தால் அது குண்டுமீசை, இல்லாவிட்டால் சாதாமீசை. எண்ணி எழுதியதும் எல்லாவற்றையும் புது மாவில் விட்டுவிட வேண்டும். அடுத்த வாரம் மறுபடியும் முதலிலிருந்து. நடுவில் காலையும் மாலையும் வண்டுகளை வைத்திருக்கும் வெப்ப அலமாரியின் சூட்டைக் குறிக்க வேண்டும். இதைத்தான் அவள் இரண்டு வருடமாகச் செய்துகொண்டிருந்தாள்.

"எருமை மேய்ச்சாலாவது பால் கிடைக்கும், நீ வண்டு மேய்க்கப் போயிருக்கே" என்று அவள் கணவன் போனில் கேலி செய்வான். கேலி செய்ய அவன் பக்கத்தில் இல்லை என்பதுதான் அவளுடைய வயிற்றெரிச்சல். படித்த படிப்புக்கு வேலை இங்கே கிடைத்தது. அவனோ ரயிலில் எட்டு மணி நேரத் தொலைவில் இருந்தான், ஆறு வயது மகளோடும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்த தன் தங்கையோடும். இவள் ஊருக்குப் போய்வந்ததே இரண்டு முறைதான்.

மொத்தம் இருபது ஜாடிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு இனமும் சரிபாதியாக விடப்பட்டன. முதல் மாதங்களில் பால் பொங்குவதுபோல இரண்டுமே பெருகின. பிறகு மாவும் இடமும் போதாமல் ஒன்றின் முட்டையை மற்றொன்று தின்னத் தொடங்கியது. ஒரே சாப்பாட்டுக்கு இரண்டு கூட்டம் வந்தால் ஒன்று ஒழிந்தே தீரும் என்பது பேராசிரியரின் கட்சி. ஓர் இனம் அடியோடு தீர்ந்ததும் அந்த ஜாடியை மூடிவிடலாம். இருபதையும் மூடிவிட்டால் அவள் வீட்டுக்குப் போகலாம். கை மாறினால் எண்ணிக்கையை நம்ப முடியாது, பாதியில் விட்டால் அத்தனையும் பாழ் என்று சேரும்போதே கறாராகச் சொல்லிவிட்டார். ஒரு வருடத்தில் முடிந்துவிடும் என்றும் சொன்னார். வண்டுகளிடம் அதை யாரும் சொல்லவில்லை.

மகளிடம் அவள் சொல்லியிருந்தாள், பூச்சி தீர்ந்ததும் அம்மா வந்துவிடுவேன் என்று. அதனால் போனை எடுத்ததும் முதல் கேள்வியே "பூச்சி செத்துடுச்சா?" என்பதுதான். இல்லையென்றால் ஒரே அழுகை. அதைக் கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்த நாள்கள் உண்டு. கொஞ்ச காலமாக மகள் அப்படிக் கேட்பதில்லை. விழுந்த பல், அத்தை போட்டுவிட்ட இரட்டைப் பின்னல் என்று எதையாவது பேசிவிட்டு ஓடிவிடுகிறாள். பிள்ளை தேறிவிட்டாள் என்று கணவனுக்குச் சந்தோஷம். இவளுக்கோ அந்தப் பின்னலை அவிழ்த்துத் தன் கையால் போட்டுவிட வேண்டும்போல் இருந்தது.

பத்தொன்பது ஜாடிகளை மூடியாயிற்று. இருபதாவதில் போன வாரம் மூன்றே மூன்று சாதாமீசைகள். இன்று காலை அவள் இருநூற்றுச் சொச்சம் குண்டுமீசைகளை எண்ணி முடித்தாள். சாதாமீசை ஒன்றுகூட இல்லை. மகளுக்கு என்ன வாங்கலாம் என்று மனம் அப்போதே கடைத்தெருவுக்குப் போய்விட்டது. சல்லடையைக் கவிழ்க்கும்போது விளிம்பில் ஏதோ ஊர்ந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தாள். சாதாமீசை.

அறையில் வேறு யாரும் இல்லை. விரலால் ஓர் அழுத்து அழுத்திவிட்டுச் சைபர் என்று எழுதினால் பேராசிரியர் கையெழுத்துப் போட்டுவிடுவார். இது முட்டை சுமக்கும் பெண்ணாக இருந்தால் இன்னும் எத்தனை மாதம் இழுக்குமோ. அவள் விரல் கிட்டே போயும்விட்டது. வண்டு நின்று மீசையை ஆட்டியது. இத்தனை கூட்டத்தில் அதற்கென்று ஒரு துணை இல்லையே என்று நினைத்தபடி விரலை இழுத்துக்கொண்டாள். ஒன்று என்று எழுதினாள்.

மத்தியானம் வீட்டுக்குப் போன் செய்தாள். பள்ளி விடுமுறை என்பதால் மகள்தான் எடுத்தாள். இன்னும் ஒரு பூச்சி மிச்சம் இருக்கிறது, அம்மா வர நாளாகும் என்று சொல்லிவிட்டு அழுகைக்காகக் காத்திருந்தாள். அந்த அழுகை அவளுக்கு வேண்டியிருந்தது.

"ஒண்ணே ஒண்ணுதானா? அதுக்கு வேற யாருமே இல்லையா?"

"இல்லடா கண்ணு."

மகள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நீ அதுகூடவே இரும்மா. எனக்குத்தான் அத்தை இருக்காங்களே."

அந்தப் பக்கம் அத்தை சாப்பிடக் கூப்பிட, மகள் போனை வைத்துவிட்டாள். நாத்தனாரை ஒரு குறை சொல்ல முடியாது. பிள்ளையைக் கண்ணும் கருத்துமாகத்தான் பார்த்துக்கொண்டாள். காலியாகும் இடம் காலியாகவே இருக்காது என்று வாராவாரம் எண்ணி எழுதியவளுக்கு அது தன் வீட்டுக்கும் பொருந்தும் என்று இத்தனை நாள் தோன்றாமல் போயிற்று.

பேராசிரியரின் அறைக்குப் போய், இருபதாவது ஜாடியில் ஒன்று உயிரோடு இருக்கிறது என்றாள். மாலை ரயிலில் ஊருக்குப் போகப்போவதையும் சொன்னாள். எண்ணிக்கை முடியாமல் எப்படிப் போவது, இரண்டு வருட உழைப்பும் வீணாகிவிடுமே என்று அவர் பதறினார்.

"தெரியும் சார்," என்றாள். "என் பொண்ணு என்னைத் தேடுறதை விட்டுட்டா."