போதகர் பூசிய சுவர்

கிளெனி போதகர் தானே சுவர் பூசுகிறார் என்ற சேதி வந்ததும் செதுன்யா கூழ்ப்பானையை அடுப்பிலிருந்து இறக்கிவைத்துவிட்டு ஓடினாள். சுவர் எழுப்புவதில் அந்த ஊரில் அவளுக்கு நிகர் கிடையாது. வாயாடுவதிலும் அப்படித்தான்.

மண் குழைப்பதும் சுவர் வைப்பதும் பெண்கள் பாடு. மாடும் பட்டியும் ஆண்களுடையவை. பட்டிக்குள் பெண்ணின் நிழல் பட்டாலே மாட்டுக்கு ஆகாது என்பார்கள். இங்கேயோ, ஸ்காட்லாந்திலிருந்து வந்த அந்த நெட்டை மனிதர் முழங்கால்வரை சேற்றில் நின்று சுவரில் மண்ணை அறைந்துகொண்டிருந்தார். பத்தடி தள்ளி அவர் மனைவி இசபெல் முக்காலியில் உட்கார்ந்து பசுவைக் கறந்துகொண்டிருந்தாள். மூன்று பிள்ளைகளும் மாட்டுவண்டிக் கூண்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தன. நாலு மாதமாக அந்த வண்டிதான் அவர்களுக்கு வீடு.

"அடியே, இந்த வீட்ல யாருடி புருஷன், யாரு பொண்டாட்டி?" என்று செதுன்யா கேட்டதும் கூடியிருந்த பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் சுவர் சரிந்தது. கரையான் புற்று மண்ணைச் சேர்க்காமல் வெறும் ஆற்று மண்ணை அப்பினால் வேறென்ன ஆகும்? அதைச் சொல்ல ஒருத்திக்கும் மனம் வரவில்லை. வேடிக்கை போய்விடுமே!

பெண்கள் சிரித்தது போதகரைச் சுட்டது. ஞாயிற்றுக்கிழமை முள்மரத்தடியில் அதையே பிரசங்கமாக்கினார். வழக்கமாக ஏழு பேர் வருவார்கள், அதிலும் நாலு பேர் நிழலுக்காக. அன்று செதுன்யாவும் மிச்சச் சிரிப்பைச் சிரித்துவிட்டுப் போக வந்திருந்தாள்.

"கடவுள் முதல் மனிதனை எதனால் செய்தார்? மண்ணால்!" தட்டுத்தடுமாறி அவர்கள் பாஷையில் முழங்கினார் போதகர். "கடவுளே மண் குழைத்தார். ஆண் மண்ணைத் தொடுவதில் வெட்கம் இல்லை. இது ஆண் வேலை, இது பெண் வேலை என்று கடவுள் பிரிக்கவில்லை."

செதுன்யா சிரிப்பை நிறுத்தினாள். "ஐயா, ஒரு சந்தேகம். அந்தக் கடவுள் ஆம்பளையா, பொம்பளையா?"

"நம் பிதா. ஆண்தான்."

"அது போதும் ஐயா" என்று எழுந்து நேரே வீட்டுக்குப் போனாள்.

அவள் கணவன் ராபூலா வேலியோரம் படுத்திருந்தான். "ஏய்யா, எந்திரி. பின்சுவர் வெடிச்சிருக்கு, போய்ப் பூசு."

"யாரு, நானா? பைத்தியம் புடிச்சிருச்சா உனக்கு?"

"கடவுளே ஆம்பளையாம், அவரே மண்ணு குழைச்சாராம். நீ என்ன, அவரவிடப் பெரிய கொம்பனா?"

அடுத்த ஞாயிறு மரத்தடியில் எழுபது பெண்கள். கேட்டதை வீட்டில் போய் ஒப்பிக்க ஆளுக்கொரு வரி மனப்பாடம் செய்துகொண்டார்கள். போதகருக்குக் கண் கலங்கிவிட்டது. ஊழியம் பலித்துவிட்டதென்று ஸ்காட்லாந்துக்கு எட்டுப் பக்கம் கடிதம் எழுதினார். ஆற்றங்கரையில் பெண்களோடு துணி துவைத்துப் பாஷை பிடித்தவள் இசபெல். நடப்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. கணவனிடம் மூச்சு விடவில்லை. மத்தியானங்களில் அவர் தூங்கும்போது செதுன்யாவுக்குப் பால் கறக்கக் கற்றுக்கொடுத்தாள். முதல் நாள் பசு விட்ட உதையில் இருவரும் சாணியில் உருண்டு, சத்தம் வராமல் சிரிக்கப் படாதபாடு பட்டார்கள்.

மழைக்காலம் நெருங்கியது. ஊரில் ஒரு சுவரும் பூசப்படவில்லை. கடைசியில் தலைவர் மொகோமொட்சி போதகரை ஊர்மன்றத்துக்கு அழைத்தார்.

"போதகரே, எனக்கு மூணு பொண்டாட்டி. மூணு பேரும் கையக் கழுவிட்டு உக்காந்திருக்காளுங்க. கேட்டா, நீங்க சொன்னீங்கங்கிறாளுங்க. சொன்னீங்களா?"

போதகரின் முகம் சிவந்தது. ஆனால் பொய் சொல்லத் தெரியாத மனிதர். "சொன்னேன்."

"நல்லது. அப்ப என் முற்றத்துச் சுவர நீங்களே பூசிடுங்க."

ஆண்கள் ஊளையிட்டுச் சிரித்தார்கள். போதகர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். உச்சிவேளைவரை பூசினார். அப்பியதெல்லாம் வழிந்து, அவர் பூட்ஸ் மீதும் தலைவரின் பீர்ப் பானைக்குள்ளும் விழுந்தது. தலைவர் பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"மனுஷன செஞ்ச உங்க கடவுளுக்குக் கை பழகியிருக்கு. உங்களுக்குப் பழகல."

அந்த நேரம் பார்த்து வேலிக்கு வெளியே இசபெல்லின் பக்கத்தில் நின்று செதுன்யா குரல் கொடுத்தாள். "தலைவரே, நாங்களே பூசித் தர்றோம். ஆனா ஒவ்வொரு பொம்பளைக்கும் ஒரு கறவை மாடு வேணும். கறக்கிறதும் நாங்க, பாலும் எங்களுது."

ஆண்கள் கூட்டத்திலிருந்து ராபூலா துள்ளி எழுந்தான். "பொம்பள கை பட்டா மாடு செத்துப்போகும்!"

"மூணு வாரமா போதகர் வீட்டுச் செவலைய நான்தான்யா கறக்கிறேன். போய்ப் பாரு, உன்னவிடக் கொழுகொழுன்னு நிக்குது."

போதகர் மெதுவாகத் திரும்பினார். "இசபெல்?"

"என்னைவிட நல்லாக் கறக்கிறாள்" என்றாள் இசபெல், பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டே.

தெற்கே வானம் உறுமியது. தலைவர் மேகத்தைப் பார்த்தார், வெடித்த சுவரைப் பார்த்தார், கடைசியாக மூன்று மனைவிகளையும் பார்த்தார். "அடுத்த அறுவடை வரைக்கும் ஆளுக்கு ஒரு மாடு. செத்தா, அதோட முடிஞ்சுது."

ஐந்தே நாளில் பெண்கள் ஊர் முழுக்கப் பூசி முடித்தார்கள். சரிந்து கிடந்த போதகர் வீட்டையும் எழுப்பிப் பூசிக் கொடுத்தார்கள். வட்டமாகவே கட்டிப் பழகிய கைகளுக்கு அந்த நாலு மூலையும் பெரிய கேலியாகிவிட்டது. "மூலைல என்னத்தடி ஒளிச்சு வைப்பாங்க?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். மழையில் அந்த வீடு ஒரு சொட்டும் ஒழுகவில்லை. பிள்ளைகள் முதல்முறையாகக் கால் நீட்டித் தூங்கினார்கள். மாடுகளில் ஒன்றும் சாகவில்லை.

அடுத்த ஞாயிறு மரத்தடிக்கு ஒன்பது பேர்தான் வந்தார்கள். போதகர் வாடிய முகத்தோடு வேதாகமத்தைப் புரட்டும்போது, தலைவர் மொகோமொட்சி தன் முக்காலியோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். போதகருக்கு உயிர் வந்தது.

"வாங்க தலைவரே! வேதத்தைக் கேட்க வந்தீர்களா?"

"இல்ல. இன்னைக்கு என்ன சொல்லப் போறீங்கன்னு முதல்ல என் காதுல மட்டும் சொல்லுங்க. அப்புறம் இவளுங்களுக்குச் சொல்றதா வேணாமான்னு நான் சொல்றேன்."