மூன்றாவது குடம்

முக்காலி மேல் ஏறி நின்று பரணில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள் சின்னத்தாய். கைக்கு அகப்பட்டதெல்லாம் பிளாஸ்டிக். மூடி இல்லாத டப்பா, பிடி போன வாளி, வாய் கோணிய மக்கு. பித்தளை என்று பேருக்கு ஒரு சொம்புகூட இல்லை.

கீழே கூடத்தில் அவள் அப்பா நல்லகாமனைக் கிடத்தியிருந்தார்கள். நேற்று மத்தியானம் பிளாஸ்டிக் குடக் கம்பெனியில் மிஷினுக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், இன்று விடியும்போது பெரியாஸ்பத்திரியில் போய்விட்டார். ஐம்பத்தொரு வயது. திருவாதவூரில் வாக்கப்பட்டிருந்த சின்னத்தாய்க்கு ஆள் வந்து சொல்லி, அவள் பஸ் பிடித்து விளாங்குடி வந்து சேர்ந்தபோது அப்பாவுக்கு மாலை போட்டாகிவிட்டது.

"கெடைச்சுச்சா ஆத்தா?" பெரியப்பா உக்கிரபாண்டி வாசலிலிருந்து கேட்டார்.

"இல்ல பெரியப்பா."

"நீர்மாலைக்கு மூணு குடமாச்சும் வேணுமே. ரெண்டுல எடுக்கக் கூடாது."

கடைசிக் குளிப்பாட்டுக்கான தண்ணீர். பிள்ளைகள் தலை முழுகி, ஈரத்துணியோடு குடத்தில் மொண்டு, தலைக்கு மேல் வேட்டி பிடிக்கக் கொட்டோடு கொண்டுவர வேண்டும். அதற்குப் பித்தளைக் குடம் வேண்டும். விளாங்குடியில் அன்று பித்தளைக் குடம் குதிரைக் கொம்பாக இருந்தது. பழைய பித்தளைக்குப் புதுப் பிளாஸ்டிக் குடம் என்று சைக்கிள்காரன் கூவிக்கொண்டு வந்த வருஷமே தெருவில் இருந்த பித்தளையெல்லாம் கிளம்பிப் போய்விட்டது. இடுப்பு நோகாத குடம், கீழே போட்டாலும் நசுங்காத குடம், யார்தான் வேண்டாம் என்பார்கள்? அந்தக் குடங்களில் பாதி நல்லகாமன் கையால் இறங்கியவை. இப்போது அந்த மனுஷனைக் குளிப்பாட்ட ஒரு பித்தளைக்கு வீடு வீடாக அலைய வேண்டியிருந்தது. விக்டோரியா டீச்சர் வீட்டில் ஒன்று, டீக்கடையில் ஒன்று, ஆக இரண்டு தேறின.

பரணின் கடைசியில் பழைய வேட்டி சுற்றிய மூட்டை ஒன்று கையில் தட்டியது. கனமில்லை. இறக்கி அவிழ்த்தாள்.

மஞ்சளும் பச்சையும் கலந்த குடம். மஞ்சளுக்குள் பச்சை பீறிக்கொண்டு கழுத்திலிருந்து அடிவரை சுற்றிச் சுற்றி இறங்கியிருந்தது.

சின்னத்தாய்க்கு அது எந்தக் குடம் என்று தெரிந்தது. போன வைகாசியில் அவள் கல்யாணச் சீர் பரப்பிய இடத்தில் அப்பா இதைத்தான் கொண்டுவந்து வைத்தார். நாத்தனார் குனிந்து பார்த்துவிட்டு, "என்ன மதினி, கம்பெனியில கழிச்சுப் போட்டதா?" என்று சிரித்தாள். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். சின்னத்தாய்க்கு மானம் போயிற்று. "இத எதுக்குப்பா கொண்டாந்தீக? திருப்பி எடுத்துட்டுப் போங்க" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னாள். அவர் குடத்தை இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினார். அதற்குப் பிறகு நாலைந்து தடவை மகளைப் பார்க்க வந்தவர், ஒரு தடவைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

குடத்தோடு முற்றத்துக்கு வந்தவளை ராயப்பன் பார்த்தார். பக்கத்து மிஷினில் வேலை பார்ப்பவர். நேற்று அப்பாவை ரிக்‌ஷாவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவரும் அவர்தான்.

"இதையா வச்சிருந்தாரு இம்புட்டு நாளா?"

"கழிச்ச குடம்தானே மாமா?"

"கழிச்சதுதான் தாயி. மஞ்சள நிப்பாட்டிப் பச்சை போடும்போது மொதப் பத்துப் பதினஞ்சு குடம் இப்பிடிக் கலந்துதான் விழுகும். அம்புட்டையும் அரைச்சு மறுபடி உருக்கிருவோம். வெளிய விடமாட்டாக." ராயப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உங்கப்பா மொதலாளிகிட்ட ஒரு வாரம் கெஞ்சி இத வாங்குனாரு. புதுசு தாரேன் கொண்டுபோன்னு அவரு சொன்னாரு. அண்ணன் கேக்கல."

"ஏன் மாமா?"

"கொழாயடியில அம்பது பச்சைக் குடம் நிக்கும், எல்லாம் ஒண்ணு போல இருக்கும்னாரு. 'எம்மக குடத்த எவளாச்சும் மாத்தித் தூக்கிட்டுப் போனா, புது எடத்துல அந்தப் புள்ள வாயத் தொறந்து கேக்காது ராயப்பா. இது மாதிரி இன்னொண்ணு இந்த மிஷினே நெனச்சாலும் போடாது. அவ குடம் அவளுக்குத்தான்'னாரு."

சின்னத்தாய் குடத்தின் கழுத்தைப் பிடித்தபடி நின்றாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீ வேணாமின்னுட்டேன்னு கம்பெனிக்கே கொண்டாந்தாரு. அரைச்சிருவமான்னு கேட்டேன். என் கையத் தட்டிவிட்டுட்டாரு."

வாசலில் கொட்டுக்காரர்கள் தோலைக் காய்ச்ச ஆரம்பித்திருந்தார்கள். சின்னத்தாய் நேராக உக்கிரபாண்டியிடம் போனாள்.

"மூணாவது குடம் இதுதான் பெரியப்பா. நான் இதுல எடுத்துட்டு வாரேன்."

"கூறு கெட்டுப் போச்சா ஒனக்கு? எங்கயாச்சும் பிளாஸ்டிக்குல நீர்மாலை எடுப்பாகளா? எந்தம்பி என்ன அனாதையா?"

"அப்பா எனக்குன்னு வாங்குன குடம் பெரியப்பா. அன்னைக்கு வேணாமின்னுட்டேன்."

"ஊரு சிரிக்கும் ஆத்தா."

அதுவரை தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா ஒச்சாயி நிமிர்ந்தாள்.

"சிரிச்சா சிரிக்கட்டும். அந்தாளு பத்து வருசம் வெந்தது இந்தப் பிளாஸ்டிக்குலதான். எம்மக கொண்டாரட்டும்."

உக்கிரபாண்டி தம்பியின் முகத்தைப் பார்த்தார். பிறகு குடத்தைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வேட்டியப் பிடிங்கப்பா, நேரமாகுது" என்றார்.

கண்மாய்க்கரை பம்புசெட்டுத் தொட்டியில் தலை முழுகினார்கள். பெரியப்பா மகனும் சின்னத்தாயின் புருஷனும் அமுக்கிய பித்தளைக் குடங்கள் குபுகுபுவென்று முங்கின. இது முங்கவில்லை. வாயைத் திருப்பிக்கொண்டு மிதந்து மிதந்து வந்தது. சின்னத்தாய் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை பீறிட்டது. குடம் நிறைகிற வரைக்கும் யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

குளிப்பாட்டும்போது அப்பாவின் வலது கையை அவள்தான் தேய்த்தாள். நகக்கண்ணில் பச்சைச் சாயப் பொடி அப்பியிருந்தது. சீயக்காய் வைத்துத் தேய்த்தும் போகவில்லை. மீதித் தண்ணீரை மெதுவாக அந்தக் கையில் ஊற்றினாள்.

"வாங்கிக்கிட்டேம்பா" என்றாள். கொட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

மூன்றரை மணிக்கு எடுத்தார்கள். தெருமுனை வரை அழுதுகொண்டு போன பெண்கள் திரும்பி வந்தார்கள். வீடு கழுவ வேண்டும். சாவு வீட்டுக்காக அதுவரை தெருவில் ஒரு வீட்டிலும் தண்ணீர் பிடிக்கவில்லை. குழாயில் சாயங்காலத் தண்ணீர் நாலரைக்கு வரும். அதற்குள் குழாயடியில் வரிசை வளைந்து நின்றது. எல்லாம் பச்சை. சின்னத்தாய் தன் குடத்தைக் கடைசியில் வைத்துவிட்டு, அம்மாவுக்கு ஒரு வாய் காபி கொடுக்க உள்ளே போனாள்.

அவள் திரும்பி வந்தபோது தண்ணீர் வந்திருந்தது. குழாயடியில் ஒரே தள்ளுமுள்ளு. இரண்டு பெண்கள் ஒரு பச்சைக் குடத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, "இது என்னுதுடி" "ஒன்னுது அந்தா நிக்குது பாரு" என்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். வரிசை கலைந்து போயிருந்தது.

மஞ்சளும் பச்சையுமான குடம் மட்டும் அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. யாரோ அதைத் தண்ணீர் நிறையப் பிடித்து, ஓரமாக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.