மவுஸ் மட்டும் வந்த ஆடி

என் தம்பி செல்வக்குமார் தன் கம்ப்யூட்டரை விரலால்தான் தேர்ந்தெடுத்தான். அவனால் கடைக்குப் போக முடியாது. தசை தேயும் நோய். முதலில் கால் போனது, பிறகு தோள், முழங்கை. பதினேழு வயதில் வலது கை விரல்கள் மட்டும் அவன் சொன்னபடி கேட்டன. அதுவும் எத்தனை நாளைக்கு என்று டாக்டர் சொல்லவில்லை. கேட்க எங்களுக்கும் தைரியம் இல்லை.

நடமாடிய காலத்தில் விளாங்குடி பஸ் ஸ்டாப் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டரில் கார் ரேஸ் ஆடுவான். அது மாடியில் இருந்தது. கால் விழுந்த பிறகு அப்பா தூக்கிக்கொண்டு போனார். மீசை அரும்பியதும் கூச்சப்பட்டு நிறுத்திவிட்டான். "வீட்லயே ஒண்ணு இருந்தா நானா ஆடிக்கிருவேன்க்கா" என்று மட்டும் சொன்னான். சோறு ஊட்ட நான், புரட்டிப் படுக்கவைக்க அம்மா, குளிப்பாட்ட அப்பா. அவனாகச் செய்ய ஒரே ஒரு காரியம் கேட்டான். அது தப்பா?

2008-ல் அப்பா சீட்டு எடுத்தார். அப்பா நல்லகாமன் டவுன் பஸ் டிரைவர். "இருவத்தஞ்சாயிரம் இருக்கு. இதுக்குள்ள முடிச்சுக்கங்க" என்றார். டவுன்ஹால் ரோட்டில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் விஜய்ஆனந்த் அண்ணன் காலேஜில் எனக்கு சீனியர். சௌராஷ்டிர வீட்டுப் பிள்ளை, அதட்டிப் பேசத் தெரியாதவர். விஷயம் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்தார்.

செல்வத்துக்கு அன்றைக்கு இருந்த தோரணையைப் பார்க்க வேண்டுமே. கல்யாணத்துக்குப் பந்தல் பேசுகிற ஆள் கெட்டான். "கேபினெட்டு எதுக்குண்ணே அழகா? தகர டப்பா போதும். மானிட்டரு பழசே இருக்கட்டும். ஸ்பீக்கர் வேணாம், அக்காட்ட ஹெட்போன் இருக்கு. பவர் சப்ளைல மட்டும் கை வச்சிராதீங்க. நம்ம ஊரு கரண்டுக்குப் பொகஞ்சிரும்." இப்படிக் கிள்ளிக் கிள்ளி மிச்சம் பிடித்ததையெல்லாம் கிராபிக்ஸ் கார்டில் கொண்டுபோய்க் கொட்டினான். பெரிய கார்டு போட்டால்தான் ரேஸில் வரும் ரோட்டில் மழை நிஜ மழை மாதிரி பெய்யுமாம்.

கடைசியில் மவுஸ். அண்ணன் ஒரு கட்டைப்பை நிறைய மவுஸ் கொண்டுவந்து ஒவ்வொன்றாக அவன் கைக்கடியில் வைத்தார். அவன் அழுத்துவான், நகம் வெளுக்கும், சத்தம் வராது. அடுத்தது. அதுவும் அப்படித்தான். பை காலியாகும் நேரத்தில் ஒன்று டிக் என்றது. அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த மவுஸ் விலையைக் கேட்டதும் அது நின்றுவிட்டது.

"இத எடுத்தா கார்டு ஒரு படி எறங்கணுமேப்பா" என்றார் அண்ணன்.

"எறங்கட்டும்ணே. மழை கொஞ்சம் மங்கலாப் பெஞ்சுட்டுப் போகுது. மவுஸ் அமுங்கலைன்னா நான் எதுக்குண்ணே?"

சென்னையிலிருந்து பார்சல் வந்து, அண்ணன் பெட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கு ஆடி பிறந்திருந்தது. அம்மா சோலையம்மாள் வாசலை மறித்து நின்றாள். "ஆடியில புதுச்சாமான் வீட்டுக்குள்ள வரக்கூடாது. ஆவணி ஒண்ணாந்தேதி சாமி கும்பிட்டு மாட்டிக்கிரலாம்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. "தள்ளுபடின்னு சேல வாங்கிட்டு வந்தியே, அதுக்கு ஆடி கெடையாதா?"

"அத ஆவணியிலதாண்டி கட்டுவேன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இவன் ஒடம்பு இருக்கிற இருப்புல, ஆகாத மாசத்துல எதையாச்சும் செஞ்சு வச்சு..." என்று பாதியில் நிறுத்தினாள். கண் நிறைந்துவிட்டது.

"எங்க வீட்லயும் ஆடியில ஆணி கூட அடிக்க விட மாட்டாங்க" என்று அண்ணன் பெட்டிகளைத் திரும்ப வண்டியில் ஏற்றினார்.

செல்வம்தான் கெஞ்சினான். "மவுஸ் மட்டும் இருக்கட்டும்மா. அது ஆனியிலயே ஒருக்க வந்து போன சாமான்தான?"

அம்மா யோசித்துப் பார்த்துச் சரி என்றாள்.

அந்த ஆடி முழுக்க எங்கள் வீட்டில் டிக் டிக் என்று சத்தம். வயரைச் சுருட்டி நான் நாற்காலியில் கட்டிவிட, எதிலும் செருகாத மவுஸை அழுத்திக்கொண்டே இருப்பான். "எந்த ரோட்லடா ஓட்டுற?" என்று கேட்பேன். "திண்டுக்கல் ரோடுதான். சமயநல்லூர் தாண்டிட்டேன், பேசாத" என்பான்.

ஆடிக் காற்றில் அவனுக்குச் சளி பிடித்தது. இருமித் துப்ப நெஞ்சில் வலு இல்லாததால் அது நுரையீரலில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் மூக்கிலும் கையிலும் குழாயோடு கிடந்தான். பிழைத்ததே பெரிது என்றார்கள். ஆடி முடியும் தறுவாயில் பாதியாக இளைத்து வீட்டுக்கு வந்தான். வந்ததும் அம்மாதான் மவுஸைத் தேடி எடுத்து அவன் கைக்கடியில் வைத்தாள். சமையல் செய்யும்போது மிக்சியை நிறுத்தி நிறுத்திக் காது கொடுப்பாள். சத்தம் வரவில்லை. "தெம்பு வந்தா வந்துரும்" என்று அவளாகவே சொல்லிக்கொள்வாள்.

ஆவணி ஒன்றாம் தேதி அண்ணன் வந்து எல்லாவற்றையும் மாட்டினார். தகர கேபினெட்டுக்கு அம்மா சந்தனம், குங்குமம் வைத்துச் சூடம் காட்டினாள். மானிட்டரில் வெளிச்சம் வந்தது. மழையில் நனைந்த ரோடு, வரிசையாகக் கார்கள். ஆரம்பிக்க ஒரு தடவை அழுத்தினால் போதும்.

செல்வம் அழுத்தினான். நகம் வெளுத்தது. அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவன் மறுபடி அழுத்தினான். நெற்றியில் வேர்த்தது.

"விஜயண்ணே, இந்த மவுஸக் கடையில திருப்பி எடுப்பாங்களா?"

"ஏம்ப்பா?"

"இதக் குடுத்துட்டு அந்தப் பெரிய கார்டையே போட்ருங்க. அக்கா ஓட்டட்டும். நான் இனிமே பாக்கத்தான போறேன். மழையாச்சும் நல்லாப் பெய்யட்டும்."

அம்மா பாய்ந்து மவுஸை எடுத்து இரண்டு கையாலும் நெஞ்சோடு பொத்திக்கொண்டாள். "குடுக்க மாட்டேன். ஆரு கேட்டாலும் குடுக்க மாட்டேன். எம்புள்ள பார்த்துப் பார்த்து எடுத்தது."

பொத்திய கைக்குள் அது டிக் என்றது. அவ்வளவு லேசாக அமுங்கியது. மானிட்டரில் ரேஸ் ஆரம்பித்து மற்ற கார்கள் எல்லாம் சீறிக்கொண்டு போயின.

"அக்கா, போறாய்ங்க பாரு, நம்ம வண்டிய எடுக்கா" என்று அவன் கத்தினான். நான் கீபோர்டைத் தேடினேன். கண்ணீரில் ஒரு எழுத்தும் தெரியவில்லை.